கடற்படைத் தலைவர் குஞ்ஞாலி மரைக்காயர்

சாந்தோம் கடற்கரை நமக்கு அஸர் தொழுகைக்குப் பின் சற்று காலாற நடந்து வரும் இடம். ஆனால் ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் இக்கரையின் நிலை வேறு. 1520களில் போர்த்துக்கீசியர் இங்கே குடியேற்றம் அமைத்து, மயிலாப்பூரின் பெயரையும் தம் மொழிக்கேற்ப மெலியாப்பூர் எனத் திரித்து, 1662ஆம் ஆண்டு கோல்கொண்டா சுல்தானின் படை கைப்பற்றும் வரை இங்கே நிலைத்திருந்தனர். துணியும் அரிசியும் ஏற்றிச் சென்ற நம் கரையோர மக்களின் மரக்கலங்கள் அவர்களின் அனுமதிச் சீட்டு இன்றிக் கடலில் செல்ல இயலாதிருந்த காலம் அது. அக்காலத்தில் மேற்குக் கரையில் அந்தச் சீட்டை ஏற்க மறுத்து, ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கடலில் போரிட்ட ஒரு மரபு இருந்தது. அம்மரபின் நால்வருள் இறுதியானவரும், வரலாற்றில் பெரும் துயரத்திற்குரியவருமான முஹம்மது அலி என்னும் நான்காம் குஞ்ஞாலி மரைக்காயரின் வாழ்வை இங்குக் காண்போம்.

மரைக்காயர் மரபு

குஞ்ஞாலி என்பது ஒருவரின் இயற்பெயர் அன்று. கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி தம் கடற்படைத் தலைவருக்கு வழங்கிய பட்டம் அது. அன்புக்குரிய அலி என்று அதற்குப் பொருள் கூறுவர். மரைக்காயர் என்னும் பெயர் மரக்கலம் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது பலர் கருத்து. காயல்பட்டினம், கீழக்கரை, நாகப்பட்டினம் முதலிய ஊர்களில் வாழும் நம் சகோதரர்களுக்கு இப்பெயர் புதிதன்று. மலையாளக் கரைக்குச் சோழமண்டலக் கரையிலிருந்து அரிசி கொண்டு சென்ற வணிகத்தில் மரைக்காயர்களின் பங்கு பெரிது.

கொச்சியில் இருந்த மரைக்காயர் வணிகர்கள் தொடக்கத்தில் போர்த்துக்கீசியரோடும் கொடுக்கல் வாங்கல் செய்தவர்களே. வாஸ்கோ ட காமா 1498ஆம் ஆண்டு மே மாதம் கோழிக்கோட்டுக்கு அருகே வந்திறங்கியபோது அவரை எவரும் பகைவராகக் கருதவில்லை. ஆனால் 1502ஆம் ஆண்டு அவர் இரண்டாம் முறை வந்தபோது, மக்காவிலிருந்து ஹஜ் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த கப்பல் ஒன்றை மறித்து, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பல நூறு பேருடன் அதை எரியூட்டினார். அதன்பின் கர்த்தாஸ் என்னும் அனுமதிச் சீட்டு முறை வந்தது. காகிதத்தைக் குறிக்கும் கிர்தாஸ் என்ற அரபுச் சொல்லின் திரிபே இது என்பர். இச்சீட்டுப் பெறாத கப்பலும், சீட்டில் விலக்கப்பட்ட மிளகை ஏற்றிய கப்பலும் பறிமுதல் செய்யப்பட்டன. அதுவரை எவருக்கும் உரிமையற்றதாய், எல்லோருக்கும் பொதுவாய் இருந்த கடலுக்கு ஓர் அரசு சுங்கம் வசூலிக்கத் தொடங்கியது. வணிகம் நசிந்த மரைக்காயர்கள் 1520களில் கொச்சியை விட்டுச் சாமூதிரியின் ஆட்சிக்குட்பட்ட பொன்னானிக்குப் பெயர்ந்தனர். தம் கப்பல்களையும் ஆட்களையும் மன்னரின் பணிக்கு ஒப்படைத்தனர்.

மன்னர் இந்து, கடற்படைத் தலைவர் முஸ்லிம், தரைப்படையினர் பெரும்பாலும் நாயர்கள். இந்த மூன்றும் ஒன்றாய் நின்ற வரையில் கோழிக்கோடு வீழவில்லை என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

சிறு படகுகளின் பெரும் போர்

போர்த்துக்கீசியரின் கப்பல்கள் உயர்ந்தவை, கனத்தவை. இருபுறமும் வரிசையாகப் பீரங்கிகள் பொருத்தப்பட்டவை. நம் கரையோரத்துக் கப்பல்களோ பெரும்பாலும் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டப்பட்டவை. கனரகப் பீரங்கி வெடிக்கும்போது எழும் அதிர்வைத் தாங்கும் வலிமை அவற்றுக்கு இல்லை. 1509ஆம் ஆண்டு தியூ துறைமுகத்தருகே எகிப்திய மம்லூக்குகள், குஜராத்தியர், சாமூதிரி ஆகியோரின் கூட்டுக் கடற்படை தோல்வியுற்றதற்கு இந்தப் பீரங்கி வேறுபாடு முக்கியக் காரணம். பெரிய கப்பலைப் பெரிய கப்பலால் எதிர்ப்பது வீண் என்பதை மரைக்காயர்கள் உணர்ந்தனர்.

அவர்கள் தேர்ந்தெடுத்தது படவு என்னும் சிறு போர்க்கலம். பாயும் துடுப்பும் இரண்டும் கொண்ட இக்கலத்தில் முப்பது நாற்பது பேர் இருப்பர். ஆழமற்ற நீரிலும் மிதக்கும். ஆற்று முகத்துவாரங்களிலும் காயல்களிலும் நுழைந்து மறையும். மணல் திட்டுகள் நிறைந்த அக்கரையில் பெரிய கப்பல்கள் அருகே வர இயலாது. குன்றுகளின் மேல் காவலர்கள் நின்று, கடலில் பகைவர் கப்பல் தென்பட்டதும் அடையாளம் காட்டுவர். உடனே பல கழிமுகங்களிலிருந்து படவுகள் ஒரே நேரத்தில் புறப்படும். காற்று அடங்கிப் பெரிய கப்பல் பாய் தளர்ந்து அசையாது நிற்கும் நேரமே அவர்களுக்கு உகந்த நேரம். துடுப்பு வலித்து அதனை நாற்புறமும் சூழ்ந்து தாக்கிவிட்டு, காற்று எழுமுன் ஆற்றுக்குள் மறைந்துவிடுவர்.

இதனால் போர்த்துக்கீசியர் தம் வணிகக் கப்பல்களைத் தனியே அனுப்ப அஞ்சினர். போர்க்கப்பல்களின் காவலில் கூட்டமாகச் செல்லும் முறையை மேற்கொண்டனர். தாமும் துடுப்புப் படகுகளைக் கட்டி, ஆற்று முகங்களை முற்றுகையிட்டனர். மரைக்காயர்களுக்கு எப்போதும் வெற்றியே கிட்டியது என்று கூறுவதற்கில்லை. 1538ஆம் ஆண்டு இலங்கைக்கு உதவப் புறப்பட்ட அவர்களின் கடற்படை, நம் இராமநாதபுரம் கடற்கரையில் உள்ள வேதாளையில் பேரிழப்புக்கு உள்ளானது. எனினும் அவர்கள் மீண்டும் படை திரட்டினர். 1531இல் போர்த்துக்கீசியர் கட்டிய சாலியம் கோட்டையைச் சாமூதிரியின் படையும் மரைக்காயர்களும் சேர்ந்து முற்றுகையிட்டு 1571இல் வீழ்த்தி, தரைமட்டமாக்கினர். பொன்னானியில் வாழ்ந்த மார்க்க அறிஞர் ஷெய்கு ஜைனுத்தீன் மக்தூம் அரபு மொழியில் எழுதிய துஹ்ஃபதுல் முஜாஹிதீன் என்னும் நூல் இக்காலத்தின் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துள்ளது.

கோட்டையும் விரிசலும்

சாலியம் வெற்றியில் சிறப்புற்ற மூன்றாம் குஞ்ஞாலியான பட்டு மரைக்காயர், வடகரைக்கு அருகே, ஆறு கடலில் கலக்கும் புதுப்பட்டணத்தில் கோட்டை எழுப்ப மன்னரின் இசைவைப் பெற்றார். இன்று கோட்டக்கல் என வழங்கும் இடம் அதுவே. அங்கிருந்து அவருடைய கலங்கள் கரை நெடுகிலும் சென்று வந்தன.

ஆனால் 1584ஆம் ஆண்டு சாமூதிரி போர்த்துக்கீசியரோடு உடன்பாடு செய்து, பொன்னானியில் அவர்கள் பண்டகசாலை அமைக்க இடமளித்தார். நெடும்போரால் வணிகம் குன்றிய அரசுக்கு அமைதி தேவைப்பட்டது. மரைக்காயர்களோ தம் குருதி சிந்திக் காத்த துறைமுகத்தில் பகைவன் கடை விரிப்பதைக் கண்டனர். மன்னர் நோக்கில் பார்த்தால் அவர் செய்தது அரசியல். மரைக்காயர் நோக்கில் பார்த்தால் அது கைவிடல். விரிசல் அங்கே தொடங்கியது.

1595ஆம் ஆண்டு பட்டு மரைக்காயருக்குப் பின் அவர் மருமகனார் முஹம்மது அலி நான்காம் குஞ்ஞாலியாகப் பொறுப்பேற்றார். அவர் கோட்டையை மேலும் வலுப்படுத்தினார். தம்மை இந்தியக் கடல்களின் அதிபதி என்றும் முஸ்லிம்களின் அரசர் என்றும் அழைத்துக்கொண்டார் எனவும், மன்னரின் யானை ஒன்றின் வாலை வெட்டி அவமதித்தார் எனவும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. இவற்றை நமக்குச் சொல்பவர்கள் பெரும்பாலும் போர்த்துக்கீசிய எழுத்தாளர்களே என்பதை மறக்கலாகாது. ஆயினும் அனைத்தையும் பகைவரின் புனைவு என்று தள்ளிவிடவும் இயலாது. வெற்றி மேல் வெற்றி பெற்ற தளபதி, தமக்கு மேலே ஒரு மன்னர் இருப்பதை மறப்பது உலக வரலாற்றில் அரிதான செய்தியன்று. தளபதியின் செருக்கும் மன்னரின் ஐயமும் ஒன்றையொன்று வளர்த்தன. இடையே நின்று இருவரையும் ஓரிடத்தில் அமர்த்திப் பேசவைப்பார் இல்லை. அந்த இடத்தைப் போர்த்துக்கீசியத் தூதர்கள் நிரப்பினர்.

இரு முற்றுகைகள்

அப்போது கோவாவில் ஆளுநராக இருந்தவர் வாஸ்கோ ட காமாவின் கொள்ளுப்பேரரான பிரான்சிஸ்கோ ட காமா. 1599ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவருடைய சகோதரர் லூயிஸ் ட காமாவின் தலைமையில் பெரும் கடற்படை புதுப்பட்டணத்துக்கு வந்தது. கடல் வழியே போர்த்துக்கீசியரும் தரை வழியே சாமூதிரியின் படையும் ஒரே நேரத்தில் தாக்குவது என்பது திட்டம். ஆனால் இரவில் தாக்குதலுக்கான அடையாளம் உரிய நேரத்துக்கு முன்பே காட்டப்பட்டுவிட்டது. ஒரு பிரிவு ஆற்றைக் கடந்து கோட்டையை அடைந்தபோது மறு பிரிவு ஆயத்தமாகவில்லை. கோட்டையிலிருந்தோர் கடுமையாகப் போரிட்டனர். பின்வாங்கியவர்களுக்குப் போதிய படகுகள் இல்லாமையால் பலர் ஆற்றில் மூழ்கி மாண்டனர். முஹம்மது அலி மரைக்காயரின் புகழ் கரை முழுவதும் பரவியது.

அதே 1599ஆம் ஆண்டில் கடலின் மறுகோடியிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. 1511இல் மலாக்காவைப் போர்த்துக்கீசியரிடம் இழந்த பின், மிளகு வணிகத்தின் மையமாக எழுந்த சுமத்திராவின் அச்சே சுல்தானகம், அவர்களைப் பலமுறை கடலில் எதிர்த்து நின்றது. அதன் கடற்படைத் தலைவியாக விளங்கிய கெமாலஹயாத்தி என்னும் வீரப்பெண்மணி, அவ்வாண்டு செப்டம்பரில் டச்சுக் கப்பல் தலைவர் கொர்னேலிஸ் தெ ஹவுட்மனைப் போரில் வீழ்த்தினார். அவருக்கு அவருடைய சுல்தானின் ஆதரவு உறுதியாக இருந்தது. மரைக்காயருக்கு அது இல்லை.

டிசம்பர் மாதம் ஆந்த்ரே ஃபுர்த்தாதோ தெ மெந்தோன்சா என்னும் தேர்ந்த தளபதி வந்தார். அவர் முதலில் கோட்டையைத் தாக்கவில்லை. சாமூதிரியை நேரில் சந்தித்து உடன்பாட்டை உறுதி செய்துகொண்டார். பிறகு கடலும் ஆறும் அடைக்கப்பட்டன. தரைப்புறத்தில் சாமூதிரியின் படை நின்றது. அரிசியும் மருந்தும் உள்ளே வரவில்லை. மறைந்துகொள்ள ஆறும், ஒதுங்கிக்கொள்ள மன்னரின் நாடும் இருந்தவரை எவராலும் வெல்ல முடியாதிருந்த படவுகள், அவ்விரண்டும் பறிபோனதும் பயனற்றுப் போயின.

மூன்று மாதங்களுக்குப் பின், போர்த்துக்கீசியரிடம் அன்றித் தம் மன்னரிடமே சரணடைய மரைக்காயர் இசைந்தார். தமக்கும் தம் வீரர்களுக்கும் உயிர்ப் பாதுகாப்பு அளிப்பதாக மன்னர் வாக்களித்திருந்தார். 1600ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் தலையில் கறுப்புத் துணி கட்டி, வாளின் முனையைத் தாழ்த்திப் பிடித்தவராய்க் கோட்டையிலிருந்து வெளியே வந்து, வாளைச் சாமூதிரியிடம் ஒப்படைத்தார். அருகே நின்ற ஃபுர்த்தாதோ அவரைப் பற்றி இழுத்துக் கைது செய்தார். அதைக் கண்டு சாமூதிரியின் நாயர் வீரர்களிடையே பெரும் கொந்தளிப்பு எழுந்தது. மன்னர் கொடுத்த வாக்கு தம் கண்ணெதிரே முறிவதை அவர்களால் பொறுக்க இயலவில்லை. ஆனால் மன்னர் தடுக்கவில்லை. கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது.

மரைக்காயரும் அவருடைய தோழர்களும் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே அவர் தலை துண்டிக்கப்பட்டது. உடல் நான்கு கூறாக்கப்பட்டுக் கடற்கரைகளில் காட்சிக்கு வைக்கப்பட்டது. தலை உப்பிட்டுக் கண்ணூருக்கு அனுப்பப்பட்டு, மக்கள் அஞ்சும்படி கொடிக்கம்பத்தில் ஏற்றப்பட்டது. ஷஹீதுகளின் வரிசையில் அவரை எண்ணி மலையாளக் கரை முஸ்லிம்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர்.

எஞ்சி நிற்பது

இதனால் சாமூதிரி பெற்றது என்ன? நான்கே ஆண்டுகளில், 1604ஆம் ஆண்டில், போர்த்துக்கீசியரை விரட்டும் பொருட்டு அவர் டச்சுக்காரரோடு உடன்படிக்கை செய்தார். தமக்கெனக் கடற்படை வைத்திருந்த அரசு, கடலில் தன்னைக் காக்க மற்றோர் ஐரோப்பியரை நாட வேண்டியதாயிற்று. ஒருவரை ஒப்படைத்ததாக மன்னர் எண்ணினார். ஒப்படைத்தது தம் கடலையே என்பது பின்னரே விளங்கிற்று.

விடுதலைக்குப் பின் நம் நாடு அவரை மறக்கவில்லை. மும்பையில் உள்ள இந்தியக் கடற்படையின் தளம் ஒன்று குஞ்ஞாலி என்னும் பெயரைத் தாங்கியுள்ளது. அவர் மறைந்த நானூறாம் ஆண்டை ஒட்டி, 2000ஆம் ஆண்டு டிசம்பர் 17 அன்று இந்திய அஞ்சல் துறை சிறப்பு அஞ்சல்தலை வெளியிட்டது. கோட்டக்கல்லில் பழைய பீரங்கிக் குண்டுகளும் வாள்களும் கொண்ட சிறு அருங்காட்சியகம் உள்ளது. இந்தோனேசியாவும் கெமாலஹயாத்தியின் பெயரைத் தன் போர்க்கப்பல் ஒன்றுக்குச் சூட்டி, 2017இல் அவரைத் தேசிய வீராங்கனையாக அறிவித்தது. 2021இல் வெளிவந்த திரைப்படத்தின் மூலம் நம் பிள்ளைகள் பலர் மரைக்காயரின் பெயரை அறிந்திருக்கலாம். ஆனால் திரையில் காணும் வாள்வீச்சைவிட, அவர் வாழ்வின் இறுதி ஐந்தாண்டுகள் நமக்கு அதிகம் சொல்கின்றன.

எண்பது ஆண்டுகள் பீரங்கியால் முடியாததை ஐந்தாண்டுக் கசப்பு முடித்துவிட்டது. தளபதி தம் நிலையை உணர்ந்து சற்றே தாழ்ந்திருக்கலாம். மன்னர் தாம் கொடுத்த வாக்கை அமானிதமாகக் கருதிக் காத்திருக்கலாம். இருவரில் ஒருவரேனும் முதலில் அடுத்தவர் வாசலுக்குச் சென்றிருந்தால் வரலாறு வேறாக அமைந்திருக்கக்கூடும். குடும்பமாயினும், ஊராயினும், ஜமாஅத்தாயினும் நமக்குள் எழும் மனத்தாங்கலை நாமே அமர்ந்து பேசித் தீர்க்கத் தவறினால், தீர்த்துவைக்க வெளியாள் வருவான். அவன் கேட்கும் கூலி என்னவென்று புதுப்பட்டணத்தின் இடிந்த கோட்டை இன்றும் கூறிக்கொண்டிருக்கிறது.