சாப்பாட்டுத் தூக்குடன் சென்ற எழுத்தாளர்

அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரில் 1878-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் அப்டன் சிங்க்ளேர் பிறந்தார். தந்தை மது விற்பனையாளர்; தாமும் குடிக்கு அடிமையானவர். இரவில் மதுக்கடைகளில் தந்தையைத் தேடி அழைத்து வருவது சிறுவனின் வேலையாயிற்று. தாயின் உறவினரோ செல்வந்தர்கள். மூட்டைப்பூச்சி மலிந்த வாடகை அறையும் வசதியான பெரிய வீடும் அவருக்கு மாறி மாறி வாய்த்தன. ஏன் இந்த வேறுபாடு என்ற கேள்வி அப்போதே அவர் மனத்தில் வேரூன்றியது. கல்லூரியில் படிக்கும்போதே பத்திரிகைகளுக்கு நகைச்சுவைத் துணுக்குகள் எழுதிப் பிழைத்தார்.

1904-இல் ஒரு சமதர்ம வார இதழ் 500 டாலர் முன்பணம் தந்து, தொழிலாளர் வாழ்வைப் பற்றி நாவல் எழுதச் சொன்னது. வீட்டிலிருந்தபடியே கற்பனை செய்ய அவர் விரும்பவில்லை. சிகாகோ நகரின் இறைச்சித் தொழிற்சாலைப் பகுதிக்குச் சென்று ஏழு வாரம் தங்கினார். பழைய உடை, கையில் ஒரு சாப்பாட்டுத் தூக்கு. அவ்வளவுதான், தொழிலாளிகளுள் ஒருவராக எங்கும் நுழைந்துவிட்டார்! இறைச்சியை ஊறவைக்கும் அறைகளில் அமிலம் பட்டு விரல் கணுக்கள் அரிக்கப்பட்ட மனிதர்கள், பள்ளிக்குப் போகாமல் எந்திரத்தருகே நிற்கும் சிறுவர்கள், நோயுற்ற மாடும் டப்பாவுக்குள் போகும் கொடுமை ஆகியவற்றையெல்லாம் அறிந்தார். தற்செயலாக ஒருநாள், லித்துவேனியாவிலிருந்து குடியேறிய ஏழைகளின் திருமண விருந்து ஒன்றைக் கண்டார். 'தி ஜங்கிள்' நாவலின் முதற்காட்சி அதுவே. அந்தக் குடும்பத்தின் பசியையும் குளிரையும் எழுத, அவருடைய சொந்த வறுமையே துணை நின்றது.

பல பதிப்பகங்கள் மறுத்தன. 1906-இல் நூல் வெளிவந்ததும் நாடே அதிர்ந்தது. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் இருவரை அனுப்பி விசாரித்தார். அவ்வாண்டு ஜூன் 30-ஆம் நாளே இறைச்சிச் சோதனைச் சட்டமும் தூய உணவு, மருந்துச் சட்டமும் கையெழுத்தாயின.

ஆனால் சிங்க்ளேர் மகிழவில்லை. அரிக்கப்பட்ட விரல்களைப் பற்றி அச்சட்டங்களில் ஒன்றுமே இல்லை! மக்களின் இதயத்தைத் தொட எழுதியது அவர்கள் வயிற்றை மட்டும் தொட்டதே என்பது அவருடைய தீராத வருத்தம். நாமும் அப்படித்தான், தோழியரே! சோற்றில் கல் கடிபட்டால் முகம் சுளிக்கிறோம்; தினமும் கல் பொறுக்கும் கையை நினைப்பதில்லை.

பின்னும் எழுதிக்கொண்டேயிருந்தார். 1934-இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் தோற்றார். 1943-இல் வேறொரு நாவலுக்குப் புலிட்சர் பரிசு பெற்றார். 1967-இல் புதிய இறைச்சிச் சட்டம் ஒன்று கையெழுத்தானபோது, 89 வயதான அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்திருந்தார்கள். அப்போதும் அது இறைச்சிக்கான சட்டந்தான். மறு ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் காலமானார்.