அணுவுக்கு அளவு சொன்ன இளைஞர்

வார இறுதியில் நம் கிளையில் படிவம் 4 மாணவர்களுக்கு வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன். போன மாதம் ஒரு தம்பி கேட்ட கேள்வியில் நான் திணறிப் போனேன். அணுக்கருவுக்கு நேர்மின்னூட்டம், எலெக்ட்ரானுக்கு எதிர்மின்னூட்டம், ரெண்டும் ஒன்றையொன்று இழுக்கும்னா எலெக்ட்ரான் ஏன் உள்ளே போய் விழலை என்று கேட்டான். அடுத்த வாரம் சொல்றேன் என்று தப்பித்துக்கொண்டேன். தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, 1912-இல் 26 வயது இளைஞர் ஒருவரும் இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார். அவர்தான் நீல்ஸ் போர்.

1885-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பிறந்தவர். கால்பந்து கோல்கீப்பர். அவருடைய தம்பி ஹரால்ட், 1908 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற டென்மார்க் கால்பந்து அணியில் ஆடியவர். 1911-இல் முனைவர் பட்டம் பெற்ற கையோடு, எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே.ஜே. தாம்சனைத் தேடி கேம்பிரிட்ஜ் போனார் போர். ஆங்கிலம் சரளமாக வராது. டிக்கன்ஸ் நாவலை வைத்துக்கொண்டு, அகராதியைப் புரட்டிப் புரட்டிப் படித்தார். தாம்சனிடம் அவருடைய புத்தகத்தில் இருந்த தவற்றையே சுட்டிக் காட்டினார். ஆனால் தாம்சன் பெரிதாக அக்கறை காட்டவில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, பல்கலைக்கழக வகுப்பில் ஆங்கிலத்தில் வாய் திறக்கப் பயந்த எனக்கு இந்த இடம் ரொம்ப நெருக்கமாகப் பட்டது.

போர் சோர்ந்து உட்காரவில்லை. 1912-இல் மான்செஸ்டருக்கு, ரூதர்ஃபோர்டிடம் போனார். அணுவின் நடுவே மிகச் சிறிய அணுக்கரு இருப்பதை ரூதர்ஃபோர்ட் அதற்கு முந்தைய ஆண்டுதான் அறிவித்திருந்தார். அதில் ஒரு சிக்கல். பழைய இயற்பியல்படி, சுற்றும் எலெக்ட்ரான் ஒளியாக ஆற்றலை இழந்துகொண்டே இருக்கும். கண் இமைப்பதற்குள் அணுக்கருவில் விழுந்துவிட வேண்டும். அப்படியென்றால் அணுவே இருக்காது, நாமும் இருக்க மாட்டோம்!

போர் துணிந்து ஒரு புது விதி வைத்தார். பத்துமலையில் 272 படிகள். ஒரு படியில் நிற்கலாம், அடுத்த படியில் நிற்கலாம், நடுவில் நிற்க முடியாது. எலெக்ட்ரானும் அப்படித்தான். குறிப்பிட்ட சில படிகளில்தான் இருக்க முடியும். அடிப்படிக்குக் கீழே படியே கிடையாது. அந்தப் படிகளை அளக்கும் கோல், பிளாங்க் மாறிலி. மின் ஈர்ப்பையும் இந்த விதியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஹைட்ரஜன் அணுவின் ஆரம் 0.053 நானோமீட்டர் என்று வருகிறது. ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஒரு கோடி அணுக்களை வரிசையாக நிறுத்தலாம்.

நாம் மனப்பாடம் செய்யும் தனிம அட்டவணையும் இதில் புரிகிறது. சோடியத்தில் 11 புரோட்டான், குளோரினில் 17. ரெண்டுக்குமே வெளி எலெக்ட்ரான் மூன்றாவது கூட்டில்தான். ஆனால் குளோரினின் அணுக்கரு பலமாக இழுக்கிறது. அதனால்தான் எலெக்ட்ரான் கூடியும் அணு சுருங்குகிறது.

கட்டுரை ரொம்ப நீளம், வெட்டணும் என்றார் ரூதர்ஃபோர்ட். போர் நேரில் போய், ஒவ்வொரு வரிக்கும் வாதாடி அதைக் காப்பாற்றினார். 1913-இல் அது மூன்று பகுதிகளாக வெளிவந்தது. 1922-இல் நோபல் பரிசு கிடைத்தது.

என்னை அதிகம் கவர்ந்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். 1921-இல் கோபன்ஹேகனில் அவர் தொடங்கிய ஆய்வுக்கூடத்துக்கு ஹைசன்பர்க் போன்ற இருபது வயதுக்காரர்கள் வந்தார்கள். எலெக்ட்ரான் வட்டமாகச் சுற்றவில்லை என்று புதிய குவாண்டம் இயற்பியல் காட்டியது. தன் படம் மாறிப்போனதற்காகப் போர் கோபப்படவில்லை, அந்த இளைஞர்களோடு இரவு பகலாக உட்கார்ந்து விவாதித்தார். படம் மாறினாலும் 0.053 மாறவில்லை. ஹைட்ரஜனில் எலெக்ட்ரான் இருக்க அதிக வாய்ப்புள்ள தூரம் இன்றும் அதுதான். 1962-இல் போர் மறைந்தார்.

அடுத்த வாரம் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, அந்த அடிப்படி ஏன் அங்கே இருக்கு என்று அடுத்த கேள்வியைப் போட்டான். இந்த முறை நான் தப்பித்து ஓடவில்லை. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன்.