ஜவ்வரிசி வியாபாரி கட்டிய வீடுகள்

பாயசத்துல போடுற ஜவ்வரிசி நம்ம எல்லாருக்கும் தெரியும். அதைச் செய்ய ஒரு மெஷினை உருவாக்கி, இளம் வயதிலேயே பணக்காரர் ஆனவர் லிம் கிம் சான். இவர் 1916ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்தார்.

சிங்கப்பூர் ரொம்பச் சின்ன நாடு. அப்போது அங்கே ஏழைகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு அறையைப் பலகை வைத்துத் தடுத்துப் பல குடும்பங்கள் இருந்தன. ஊர் ஓரத்தில் ஓலைக் குடிசைகள். பல வீடுகளுக்குக் குழாய் கிடையாது.

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. லிம் அதன் முதல் தலைவர் ஆனார். 3 வருஷம் சம்பளமே வாங்கவில்லை! இடம் குறைவு என்பதால் அடுக்குமாடி கட்டினார்கள். ஆடம்பரம் இல்லை. ஆனால் தண்ணீர், கழிப்பறை, கரண்ட் எல்லாம் உண்டு.

1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீ என்ற குடிசைப் பகுதி தீப்பிடித்தது. சுமார் 16,000 பேர் வீடு இழந்து தெருவுக்கு வந்தார்கள். பிறகு அவர்களுக்கு வீடு கிடைத்தது.

முன்பு இருந்த அமைப்பு 32 வருஷத்தில் கட்டியது சுமார் 23,000 வீடு. கழகமோ முதல் 5 வருஷத்திலேயே 50,000க்கு மேல் கட்டியது. 1964 முதல் வீட்டைச் சொந்தமாகவும் வாங்க முடிந்தது. 1965இல் லிம்முக்கு மகசேசே விருது கிடைத்தது. 2006இல் அவர் மறைந்தார்.

நண்பர்களே, உயரமான கட்டடம் இருந்தால்தான் நகரம் என்று நினைத்திருந்தேன். கடைசி ஏழைக்கும் ஒரு குழாய், ஒரு கழிப்பறை, ஒரு கதவு இருந்தால்தான் அது நகரம். இது இவர் கதையைப் படிச்ச பிறகுதான் புரிஞ்சுது.