ஆளில்லாத வீடுகள்: எச்.ஜி. வெல்ஸின் பொம்மைப் போர்

மேசையளவு பலகையில் புல்லும் சேறும் ஒட்டி, விரல் நீள யுத்த டாங்கிகளுக்கு மெல்லிய தூரிகையால் வர்ணம் பூசி, எதிரெதிரே நிறுத்தி விளையாடுவது இன்று பல நாடுகளில் வளர்ந்தவர்களின் பொழுதுபோக்கு. ஷெல்லடிக்குள் வாழ்ந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். அருவருப்பாகக்கூட இருக்கலாம். இந்த விளையாட்டுக்குப் பரவலாக அறியப்பட்ட முதல் விதிப்புத்தகங்களில் ஒன்றை எழுதியவர் ஆங்கில விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். டாங்கி பிறப்பதற்கு முன்பே அதைக் கதையில் ஓடவிட்டவரும் அவர்தான்.

1866 இல் லண்டனுக்கு அருகே புரோம்லியில் பிறந்தார். தகப்பனுக்குப் பீங்கான் கடை, வருமானம் போதவில்லை. தாய் பெரிய வீடொன்றில் வேலைக்குப் போனார். மகன் புடவைக்கடையில் பயிற்சிக்கு விடப்பட்டு, அதை வெறுத்து, புலமைப்பரிசிலுடன் லண்டனில் விஞ்ஞானம் படிக்கப் போய்ச் சேர்ந்தார்.

1898 இல் வெளிவந்த 'உலகங்களின் போர்' நாவலை, செவ்வாய்க்கிரகவாசிகள் இங்கிலாந்தைத் தாக்கும் கதை என்றே எல்லோரும் சொல்வார்கள். அதில் மனதில் நிற்பது அந்த வேற்றுக்கிரகவாசிகள் அல்ல. வண்டியிலும் நடையிலுமாக ஒரு பெருநகரமே வெளியேறுகிற பாதைதான். இடம்பெயர்ந்து நடந்தவர்களுக்கு அந்தப் பக்கங்களை யாரும் விளக்கத் தேவையில்லை.

1903 டிசெம்பரில் 'ஸ்ட்ராண்ட்' சஞ்சிகையில் அவரது இன்னொரு கதை வந்தது. பதுங்குகுழிகளில் நிற்கும் படையொன்றின் மேல், தரையில் ஊரும் இரும்புக் கப்பல்கள் ஏறி வருகின்றன. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1916 செப்டெம்பர் 15 அன்று, பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் பிரித்தானியா முதன்முதலாக டாங்கிகளை இறக்கியது. அந்த எண்ணத்தின் முன்னோடி வெல்ஸ் என்று சேர்ச்சில் பின்னர் ஒப்புக்கொண்டார்.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பொம்மைப் போர் வருகிறது. வெல்ஸுக்குச் சிறு வயதில் இரண்டு ஆண்பிள்ளைகள். அவர்களுடைய விளையாட்டுப் பீரங்கி சுருள்வில்லால் சிறு மரக்குச்சியை எய்யும். குறி பார்த்தால் ஈயச் சிப்பாய் விழுவான். பகலுணவுக்கு வந்த நண்பரொருவர் அதைக் கையிலெடுத்து விளையாடத் தொடங்க, பெரியவர்களும் தரையில் முழந்தாளிட்டார்கள். நேரம் குறித்து நகர்த்துவது, நேருக்குநேர் மோதல், கைதிகள் என விதிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 1913 இல் 'சிறிய போர்கள்' என்ற புத்தகமாயின.

அந்தப் புத்தகத்தில் காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி மட்டுமே உண்டு. டாங்கியைக் கற்பனை செய்தவர் தன் விளையாட்டில் அதைச் சேர்க்கவில்லை. தரையெங்கும் வீடுகள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் குடியிருப்பவர்களுக்கு விதிகளில் இடமில்லை. லண்டன் மக்கள் ஓடிய பாதையை எழுதிய அதே கை, இங்கே ஊரை வெறுமையாக்கிவிட்டே போரைத் தொடங்குகிறது. விளையாட்டு இனிப்பதற்கு அதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. கடைசி அத்தியாயத்தில், போர் வேண்டுமென்று துடிக்கும் அரசர்களையும் தளபதிகளையும் பொம்மைகளோடு ஓர் அறையில் விட்டுவிடலாம் என்ற கருத்தை முன்வைக்கிறார். உண்மையான போர் மனித அறிவுக்கு அடங்காத பெரும் மடைமை என்பது அவர் முடிவு.

மறு ஆண்டே அந்த மடைமை வந்தது. அவரோ அதை எதிர்க்கவில்லை. இது எல்லாப் போருக்கும் முடிவு கட்டும் போர் என்று எழுதினார். அந்தச் சொற்றொடர் இளைஞர்களைச் சாவுக்கு அனுப்ப எவ்வளவு உதவியது என்பதை நினைத்தால், இந்த இடத்தில் அவரை மன்னிப்பது கடினம். 1916 இல் வந்த 'பிரிட்லிங்' நாவலில் குரல் மாறிவிடுகிறது. போரில் மகனை இழந்த ஆங்கிலேயத் தகப்பன், தன் வீட்டில் தங்கியிருந்து பின்னர் போரில் இறந்த ஜேர்மன் இளைஞனின் பெற்றோருக்குக் கடிதம் எழுத உட்காருகிறார். விளையாட்டுத் தரையில் காணாமற்போன வீட்டுக்காரர்கள் இங்கே திரும்பி வருகிறார்கள்.

1920 இல் பெற்றோகிராட் போனார். பட்டினியிலும் குளிரிலும் கிடந்த ரஷ்ய விஞ்ஞானிகள் அவரிடம் சாப்பாட்டைவிட வெளிநாட்டு ஆய்வு வெளியீடுகளையே கேட்டதாகப் பதிவு செய்தார். 1933 இல் நாஸிகள் அவரது நூல்களை எரித்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது அவருக்கு 72 வயது. எதற்காகப் போரிடுகிறோம் என்று முதலில் எழுதி வையுங்கள் என 'டைம்ஸ்' பத்திரிகையில் விவாதம் தொடக்கி, சாங்கி பிரபு தலைமையிலான குழுவுடன் சேர்ந்து உரிமைப் பிரகடனமொன்றை வரைந்தார். 1940 இல் அதை மலிவுப் புத்தகமாகவும் கொண்டுவந்தார். குற்றச்சாட்டில்லாமல் எவரையும் சில நாட்களுக்கு மேல் அடைத்து வைக்கக்கூடாது. பகிரங்க விசாரணையில்லாமல் சிறையில் வைத்திருக்கக்கூடாது. ஒருவரைப் பற்றி அரசு சேர்க்கும் கோப்பை அவர் பார்க்க முடியவேண்டும். வாழ்நாளெல்லாம் இயந்திரங்களைக் கற்பனை செய்த மனிதர் கடைசியில் எழுதியது இதைத்தான். நமக்கு இவற்றில் எதுவும் பழைய சங்கதியாகத் தோன்றாது.

லண்டன்மேல் குண்டு விழுந்த நாட்களிலும் வீட்டைவிட்டு வெளியேற மறுத்தார். 1914 நாவலில் தானே பெயரிட்டிருந்த அணுகுண்டு, 1945 ஓகஸ்டில் ஹிரோஷிமாவில் விழுந்ததையும் கேள்விப்பட்டார். 1946 ஓகஸ்ட் 13 அன்று காலமானார். சாம்பலை மகன்மார் தென் இங்கிலாந்துக் கடலில் தூவினார்கள். அனைத்துலக மனித உரிமைகள் பிரகடனம் பாரிஸில் நிறைவேற அப்போது இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.