மழை வரைந்த தீயணைப்பாளர்

சென்ற தவணையில் எங்கள் வகுப்புக்கு ஓர் இடுபணி கொடுத்தார்கள். மழையில் நனையும் உங்கள் ஊரைக் கணினியில் வரைந்து வாருங்கள் என்பதுதான் அது. நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். அதனால் கோத்தா பாலத்தைத் தேர்ந்தெடுத்தேன். வாகனங்களுக்கு மேல்தளம், நடந்தும் சைக்கிளிலும் செல்வோருக்குக் கீழ்த்தளம் என்று கட்டப்பட்ட அந்த இரட்டை அடுக்குப் பாலம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

பாலம் நன்றாகவே அமைந்தது. மழைதான் காலை வாரியது. வெள்ளைப் புள்ளிகளைத் தூவி, அவற்றைச் சாய்வாக இழுத்துக் கோடுகளாக்கும் வசதி மென்பொருளில் இருக்கிறது. இரண்டே நிமிடத்தில் மழை தயார்! ஆனால் என் விரிவுரையாளரோ, கண்ணாடியில் கீறல் விழுந்ததுபோல் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஹிரோஷிகேயின் படங்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் வரையச் சொன்னார். அப்படித்தான் ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு ஜப்பானிய ஓவியர் எனக்கு ஆசிரியரானார்.

உதாகாவா ஹிரோஷிகே 1797-இல் எடோ நகரில் பிறந்தார். இன்றைய தோக்கியோதான் அன்றைய எடோ. அவருடைய தந்தை எடோ கோட்டையைக் காக்கும் தீயணைப்புப் பிரிவில் அதிகாரி. 1809-இல் தாயும் தந்தையும் ஒரே ஆண்டில் அடுத்தடுத்து இறந்தனர். பரம்பரைப் பதவியான அந்தத் தீயணைப்புப் பொறுப்பு 12 வயதுச் சிறுவனின் தோளில் ஏறியது. நம் நாட்டில் அந்த வயதில் பிள்ளைகள் ஆறாம் ஆண்டில் படித்துக்கொண்டிருப்பார்கள்.

பதவியோடு ஓவிய ஆசையும் அவரை விடவில்லை. புகழ்பெற்ற ஓவியர் தொயோகுனியிடம் மாணவராகச் சேர முயன்றார், இடம் கிடைக்கவில்லை. மனம் தளராமல் தொயோஹிரோ என்ற மற்றோர் ஆசிரியரை நாடினார். 1812-இல் அவருக்கு ஹிரோஷிகே என்ற கலைப்பெயர் கிடைத்தது. தொடக்கத்தில் நடிகர்களையும் அழகிகளையும் வரைந்தார். 1833, 1834-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தொகைடோ வரிசைதான் அவரை நாடறியச் செய்தது. எடோவையும் கியோத்தோவையும் இணைத்த நெடுஞ்சாலையின் 53 தங்குமிடங்களோடு தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்து மொத்தம் 55 படங்கள். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது.

அந்த வரிசையில் ஷோனோ என்ற ஊரின் படத்தைப் பாருங்கள். திடீர் மழை. பல்லக்குத் தூக்கிகள் மேட்டில் ஏறுகிறார்கள். எதிர்ப்புறம் இருவர் இறங்கி ஓடுகிறார்கள். பின்னால் மரங்கள் காற்றில் சாய்ந்து, தொலைவு கூடக் கூடச் சாம்பல் நிறமாய் மங்குகின்றன. மழைக்கோடுகளை அழித்துவிட்டாலும் அது மழைப்படமாகவே இருக்கும். என் படத்தில் கோடுகளை அழித்தால் வெயில் அடிக்கும் கிள்ளான்தான் மிஞ்சும். என் தவறு அங்கேதான் எனக்குப் புரிந்தது.

1855-இல் பெரும் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் எடோவைச் சிதைத்தன. ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அடுத்த ஆண்டே, தம் நகரின் புகழ்பெற்ற காட்சிகளை ஒவ்வொன்றாக வரையத் தொடங்கினார் ஹிரோஷிகே. நூறு காட்சிகள் என்று பெயரிட்ட அந்த வரிசை நூறையும் தாண்டி வளர்ந்தது. ஷின்-ஓஹாஷி பாலத்தின் மேல் கொட்டும் திடீர் மழை 1857-இல் வெளியானது. பாலத்தில் சிலர் குடைக்குள்ளும் தொப்பிக்குள்ளும் குனிந்து விரைகிறார்கள். ஒருவர் முகமும் தெரியாது. ஆற்றில் ஒரே ஒருவர் கட்டுமரத்தைத் தள்ளிச் செல்கிறார்.

இவை மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட படங்கள். ஓவியர் வரைவார், செதுக்குபவர் வேறு, அச்சிடுபவர் வேறு. ஒரு மழைக்கோடு விழ வேண்டுமென்றால் அதன் இருபக்கமும் மரத்தைச் சுரண்டி, முடிபோன்ற மெல்லிய வரப்பை விட்டுவைக்க வேண்டும். அந்தப் பாலத்து மழைக்கு இரண்டு பலகைகள். இரண்டிலும் கோடுகளின் சாய்வு சற்றே வேறு. அதனால்தான் மழைக்கு ஆழம் கிடைத்தது. வானத்துக் கருமையையோ, ஈரப் பலகையில் மையைத் துடைத்துத் துடைத்துப் படிப்படியாக மங்கச் செய்தார்கள். இன்று நாங்கள் லேயர், கிரேடியன்ட் என்று ஒரு சொடுக்கில் செய்வதை அவர்கள் கையால் செய்தார்கள்.

அறிவியலும் அவர் பக்கம்தான். பெரிய மழைத்துளி விநாடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. அந்த வேகத்தில் நம் கண்ணுக்குத் துளி தெரியாது, கோடுதான் தெரியும்.

1858-இல் எடோவில் காலரா பரவியபோது, 61 வயதில் ஹிரோஷிகே காலமானார். 1887-இல் பாரிஸில் இருந்த வான் கோ, அந்தப் பாலத்து மழையை எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்து பழகினார்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீ மூடாவில் இருக்கும் என் சின்னம்மா வீட்டில் கீழ்த்தளம் முழுதும் மூழ்கியது. இரண்டு இரவுகள் அவர்கள் மாடியில் இருந்தார்கள். அதன்பிறகு மழையை அழகாக மட்டும் வரைய எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால்தானோ என்னவோ, முதல் படத்தில் மனிதர்களே இல்லை. நிலநடுக்கம் கண்ட நகரத்தை வரைந்தவர், மழையில் விரையும் சாதாரண மனிதர்களை விட்டுவிடவில்லை. அது எனக்குத் துணிவு தந்தது.

மறுபடியும் வரைவதற்கு முன் ஒரு மாலை பிரிக்பீல்ட்ஸ் அஞ்சடியில் நின்று மழையைப் பார்த்தேன். பிறகு தொலைவை மங்கச் செய்தேன். இரண்டு லேயர்களில் இரண்டு சாய்வாகக் கோடுகள் போட்டேன். பாலத்தின் கீழ்த்தளத்தில் செருப்பைக் கையில் பிடித்தபடி ஒதுங்கி நிற்கும் ஓர் அம்மாவைச் சேர்த்தேன். சின்னம்மாவிடம் காட்டினேன். மழையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இந்த அம்மா எப்படி வீட்டுக்குப் போவாள் என்றுதான் கேட்டார்.

நண்பர்களே, அடுத்த மழைக்குக் கைப்பேசியை எடுக்குமுன் சற்று நின்று பாருங்கள். மழை எப்படி விழுகிறது என்பதோடு, மழையில் யார் நிற்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.