பட்டாணிக் கணக்கைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்த ஹால்டேன்

செஞ்சியை அடுத்த வல்லம் வட்டாரம் கடலைக் கொல்லைகளுக்குப் பேர் போனது. பட்டாணிச் செடியை அங்கே காண்பது அரிது. ஆனாலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டில் நான்கு கட்டம் போட்டு, நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் கலந்தால் இரண்டாம் தலைமுறையில் மூன்றுக்கு ஒன்று என்று எழுதி மார்க் வாங்கிவிடுகிறார்கள். மெண்டல் என்ற பாதிரியார் தோட்டத்தில் கண்ட அந்தக் கணக்கை மனிதக் குடும்பத்துக்குள் கொண்டுவந்த மேதைகளில் ஒருவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். ஆங்கிலேயராகப் பிறந்து, இந்தியப் பிரஜையாக மறைந்தவர் அவர்.

1892-ம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தகப்பனார் பெரிய உடலியல் விஞ்ஞானி. 1901-ல், எட்டு வயதுச் சிறுவனைக் கையோடு அழைத்துக்கொண்டு ஒரு பிரசங்கத்துக்குப் போனார் அவர். அன்றைய விஷயம் மெண்டலின் விதிகள்! பையன் மனத்தில் அது ஒட்டிக்கொண்டது. பிறகு தங்கை நவோமியோடு சேர்ந்து வீட்டுப் புல்வெளியில் கினிப் பன்றிகளை வளர்த்து, எந்த ஜோடிக்கு எந்த நிறக் குட்டி பிறக்கிறது என்று கணக்கெடுத்தார்.

வேடிக்கை என்னவென்றால், இவர் விஞ்ஞானத்தில் பட்டமே வாங்கியதில்லை. படித்தது கணிதமும் கிரேக்க, லத்தீன் இலக்கியமும். முதல் உலகப் போரில் சிப்பாய்களோடு இருந்தபோதே, 1915-ல், எலிகளின் பாரம்பரியம் பற்றிய இவரது கட்டுரை வெளிவந்தது. 1933-ல் லண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியில் பேராசிரியரானார்.

ரத்தம் உறையாத வியாதி ஒன்று உண்டு. அது தாயிடம் வெளியே தெரியாமல் ஒளிந்திருந்து மகனிடம் தலைகாட்டும். நிறக்குருடும் அப்படியே. இரண்டுக்கும் உரிய ஜீன்கள் ஒரே குரோமோசோமில் அருகருகே இருக்கின்றன என்று 1937-ல் ஜூலியா பெல் அம்மையாரோடு சேர்ந்து ஹால்டேன் காட்டினார்.

நம் நாட்டுக்கு வந்தார்

1956-ல் பிரிட்டன் சூயஸ் மீது படையெடுத்தது அவருக்குப் பொறுக்கவில்லை. 1957-ல் மனைவி ஹெலனுடன் கல்கத்தாவுக்கு வந்து, மகலநோபிஸின் புள்ளியியல் நிலையத்தில் சேர்ந்தார். வேட்டியும் ஜிப்பாவும் அணிந்தார், மாமிசத்தை விட்டார்.

விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று ஏங்கும் மாணவர்களுக்கு, கண்ணெதிரே இருப்பதை எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். துரோணம்ராஜு என்ற மாணவர் ஆந்திரக் குடும்பங்களில் காது மடல் ரோமத்தை ஆராய்ந்தார். தகப்பனுக்கு இருந்தால் மகன்களுக்கெல்லாம் வரும், பெண்களுக்கு வராது என்று அப்போது கருதினார்கள். அழகான கணக்குத்தான், ஆனால் 2004-ல் தென்னிந்திய ஆண்களிடம் நடந்த ஆராய்ச்சி அதைத் தள்ளிவிட்டது.

உறவுத் திருமணங்களையும் அதே மாணவர் கணக்கெடுத்தார். அக்காள் மகளைக் கட்டுவது நம் பக்கத்திலும் பழைய வழக்கம். பாட்டன் பாட்டியிடமிருந்து வந்த ஒரு குறை தாய்மாமனிடம் ஒளிந்திருந்தால், அக்காள் மகளிடமும் அது ஒளிந்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகள் என்றால் எட்டில் ஒன்று. அன்னியப் பெண்ணானால் மிகமிகக் குறைவு. இருவரிடமும் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் குறை தலைகாட்ட நான்கில் ஒரு வாய்ப்பு.

மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான். நான்கில் ஒன்று என்றால், முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது என்று அர்த்தமல்ல. ஒவ்வொரு பிரசவத்திலும் சோழி புதிதாக உருட்டப்படுகிறது. இன்னொன்றும் உண்டு. குறையோடு குழந்தை பிறந்தால் மருமகள் தலையில் பழியைப் போடும் மாமியார்கள் இந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். இத்தகைய குறைக்குப் பாதிப் பங்கு அவர்கள் பிள்ளையுடையது!

1961-ல் கல்கத்தா நிலையத்தை விட்டு விலகிய ஹால்டேன், அடுத்த ஆண்டு புவனேஸ்வரத்தில் ஆராய்ச்சிசாலை அமைத்தார். புற்றுநோய் விடவில்லை. 1964 டிசம்பர் 1-ந் தேதி காலமானார். அவர் விரும்பியபடியே, மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்காக, அவரது உடல் காக்கிநாடா ரங்கராயா வைத்தியக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டது.