மணற்கடலைக் கடந்த இபன் பதூதா

மொராக்கோ நாட்டின் தாஞ்சியர் நகரில் 1304 ஆம் ஆண்டு பிறந்தவர் இபன் பதூதா. 21 ஆம் வயதில் மக்காவுக்குப் புறப்பட்ட அவர், பல்லாண்டுகள் நாடு நாடாகச் சுற்றினார். தில்லியில் நீதிபதியாகப் பணியாற்றினார். மதுரைக்கும் வந்து சென்றார். தாயகம் திரும்பிய பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1352 ஆம் ஆண்டு சிஜில்மாசா என்னும் ஊரிலிருந்து ஒட்டகச் சாத்து ஒன்றுடன் சகாரா பாலைவனத்தைக் கடக்கப் புறப்பட்டார். வணிகர் கூட்டமாகச் செல்லும் குழுவே சாத்து எனப்படும்.

25 நாள் நடந்து தகாசா என்னும் ஊரை அடைந்தனர். அங்கு மரமே இல்லை, எங்கும் மணலே. நிலத்தைத் தோண்டினால் பாளம் பாளமாக உப்புக் கிடைத்தது. வீடுகளின் சுவர்கள் உப்புப் பாளங்களாலும், கூரைகள் ஒட்டகத் தோலாலும் ஆகியிருந்தன. குடிநீரும் உவர்ப்பாகவே இருந்தது.

அதற்கு அப்பால் நீரற்ற நெடுவழி. அவ்வாண்டு பெய்த மழையால் ஆங்காங்கே குட்டைகளில் நீர் தேங்கியிருந்தது. பாறைக் குன்றுகளுக்கு இடையே நன்னீர் கண்டு அனைவரும் தாகம் தணிந்தனர். இபன் பதூதாவும் துணைவர் சிலரும் சாத்துக்கு முன்னே சென்று மேய்ச்சல் நிலம் தேடுவது வழக்கம். ஒருநாள், உறவினருடன் சச்சரவிட்டுப் பின்தங்கிய ஒருவர் வழிதவறினார். தேடியும் அவர் கிடைக்கவில்லை. அன்றுமுதல் இபன் பதூதா சாத்தை முந்தவுமில்லை, பிந்தவுமில்லை.

இறுதிப் பகுதியே மிகக் கடினமானது. காற்று மணற்குன்றுகளை இடம் மாற்றியதால் பாதையின் தடமே தெரியவில்லை. வாலாத்தா நகருக்கு ஒரு தூதர் முன்னதாகவே தனியே அனுப்பப்பட்டார். அவர் சேர்ந்தால், நகர மக்கள் நான்கு நாள் பயணத் தொலைவு எதிர்வந்து நீர் தருவர். அவர் வழியில் மாண்டால், சாத்தில் உள்ளோர் பலரும் மாள நேரும். சாத்தின் வழிகாட்டிக்கோ ஒரு கண்ணில் பார்வையில்லை. மறு கண்ணும் நோயுற்றிருந்தது. ஆயினும் அவரைவிட அவ்வழியை நன்கறிந்தவர் எவருமில்லை. ஏழாம் நாள் இரவு தொலைவில் தீயொளி தெரிந்தது. நீர் கொண்டு வந்தவர்கள் மூட்டிய தீ அது! சாத்தினர் மகிழ்ச்சியில் திளைத்தனர்.

தாயகம் திரும்பிய இபன் பதூதா, 1355 ஆம் ஆண்டளவில் தம் பயணங்களைச் சொல்ல, அறிஞர் ஒருவர் எழுதினார். உலகம் சுற்றிய அப்பெரும் பயணி சகாராவைக் கடந்தது தம் துணிவால் மட்டுமன்று. முன்சென்ற தூதரையும், மணலின் இயல்பறிந்த வழிகாட்டியையும், நீர் சுமந்து எதிர்வந்த மக்களையும் நம்பியே கடந்தார்.